போர்ச்சுகீசியம் பேசுபவருக்குப் பேச்சு ஆங்கிலம் சொல்லித் தருவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பிரேசில் மாணவி ஒருவர் ஒருநாள் பேருந்தில் இருந்தபடியே வகுப்பில் சேர்ந்தார். பாதியில், "டீச்சர், ஐ வில் டிசெண்ட் இன் த நெக்ஸ்ட் ஸ்டாப்" என்றார். புரிந்தது. பெரிய இலக்கணப் பிழையும் இல்லை. ஆனால் ஆங்கிலம் பேசும் ஊரில் பேருந்தில் போகிற யாரும் அப்படிச் சொல்வதில்லை. "ஐம் கெட்டிங் ஆஃப்" என்பார்கள். நம் ஊர்ப் பேருந்தில் ஒருவர் பக்கத்து இருக்கைக்காரரிடம் "யான் அடுத்த நிறுத்தத்தில் இறங்கவுள்ளேன்" என்று சொன்னால் எப்படி இருக்கும், அப்படி.

அவர் அந்தச் சொல்லை அகராதியில் தேடி எடுக்கவில்லை. போர்ச்சுகீசியத்தில் பேருந்திலிருந்து இறங்க 'தெஸேர்' என்பதே அன்றாடச் சொல். அதன் ஆங்கில உறவுக்காரச் சொல்தான் 'டிசெண்ட்'. லத்தீன் வழி வந்த சொற்கள் போர்ச்சுகீசியத்தில் அடுக்களைச் சொற்கள். ஆங்கிலத்தில் அவையே அலுவலகக் கோப்பிலும் கட்டுரையிலும் வருபவை. அதனால் நாம் மண்டையை உடைத்துக்கொண்டு படித்த பெரிய ஆங்கிலச் சொற்கள் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆறு வயது ஆங்கிலக் குழந்தை பேசுவது அவர்களுக்கு மலை. கீழே வரும் படிகளின் வரிசை முழுக்க இந்த ஒரு காரணத்திலிருந்து வந்தது.

இணையம் வழியாக பிரேசில், போர்ச்சுகல் மாணவர்களுக்கு ஆங்கிலம் எடுக்கும் நம்மவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். அந்த நாட்டவரோடு ஒரே குழுவில் வேலை பார்ப்பவர்களுக்கும் பயன்படும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் நேரம். பிரேசிலியா நேரம் நம்மைவிட எட்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அவர்கள் வேலை முடிந்து உட்காரும் மாலை 7 மணி நமக்கு விடியற்காலை 3.30. அதை ஒப்புக்கொண்டால் ஒரு மாதம் தாங்காது. அவர்களின் காலை 8 மணி நமக்கு மாலை 4.30, அதைக் கேட்டு வாங்குங்கள். லிஸ்பன் சுலபம்: குளிர்காலத்தில் ஐந்தரை மணி, கோடையில் நாலரை மணி வித்தியாசம்தான்.

அடுத்து, மாணவரின் நிலை. "நேற்று எங்கே போனாய்?" என்று கேட்டால் தடுமாறியாவது நாலு வாக்கியம் சொல்லத் தெரிய வேண்டும். அதற்கும் கீழே இருப்பவருக்கு இந்த முறை வேண்டாம். மாற்றுவதற்கு முதலில் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

உங்களுக்குக் கொஞ்சம் போர்ச்சுகீசியம் வேண்டும். பேச வரவேண்டியதில்லை. ஒரு நூறு அன்றாடச் சொற்கள், முக்கியமான வினைகள் தெரிந்தால் பிழை எங்கிருந்து வருகிறது என்று பிடித்துவிடலாம். ஜன்னல், சாவி, மேசை, அலமாரி ஆகிய நான்கும் நமக்கு அவர்கள் மொழியிலிருந்து வந்தவை என்பதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள். கேட்டதும் முகம் மலரும். பிழை செய்யும் கூச்சம் பாதி போய்விடும்.

கடைசியாக, சொல்லுக்குப் பக்கத்தில் 'இன்ஃபார்மல்' என்று குறிப்பிடும் அகராதி ஒன்று வேண்டும். கேம்பிரிட்ஜ் இணைய அகராதி போதும். படித்த சொற்களை அட்டை அட்டையாகத் திரும்பப் பார்க்க அங்கி (Anki) என்ற செயலி. உண்மையான ஆட்கள் ஒரு சொல்லை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்க யூக்ளிஷ் தளம்.

2. இரண்டு நிமிடப் பதிவு

பாடம் எதுவும் எடுக்கும் முன், நேற்றைய நாளைப் பற்றி இரண்டு நிமிடம் பேசி வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பச் சொல்லுங்கள். எழுதி வைத்துப் படிக்கக் கூடாது.

அதைக் கேட்டு அப்படியே எழுதுங்கள். அரை மணி நேரம் பிடிக்கும். ஆனால் அடுத்த எட்டு வாரத்துக்கான பாடப் பட்டியல் அந்த ஒரு தாளில் கிடைத்துவிடும். புதிதாக வரும் ஆசிரியர்கள் இந்தப் படியைத் தாண்டிவிட்டு, எங்கிருந்தோ எடுத்த "அன்றாட ஆங்கிலச் சொற்கள் 500" பட்டியலோடு ஆரம்பிப்பதைப் பார்க்கிறேன். மாணவருக்குத் தன் வாழ்க்கையில் தேவைப்படாத சொல் ஒட்டாது.

3. விறைப்பான சொற்களை மாற்றுவது

இதுதான் அடித்தளம். அதிக நாள் இதில் செலவிடுங்கள்.

எழுதிய தாளில் லத்தீன் சாயல் உள்ள வினைகளைக் கோடிடுங்கள். பெரும்பாலும் இவை இருக்கும்: ரிட்டர்ன், என்டர், கன்டின்யூ, டிஸ்கவர், என்கவுன்டர், டாலரேட், எலிமினேட். ஒவ்வொன்றுக்கும் எதிரே பேச்சுவழக்கை எழுதுங்கள்: கம் பேக், கம் இன், கீப் கோயிங், ஃபைண்ட் அவுட், ரன் இன்டு, புட் அப் வித், கெட் ரிட் ஆஃப்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இடப்பக்கச் சொற்களைத் தப்பு என்று சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொன்ன வாரத்தில் ஒரு மாணவர் தன் மேலாளருக்கு அனுப்பிய அறிக்கையில் எல்லா இடத்திலும் 'கெட் ரிட் ஆஃப்' போட்டுவிட்டு வந்து நின்றார். சொன்னவிதத்தில் பிழை என்னுடையது. இப்போதெல்லாம் தாளை இரண்டு பத்தியாகப் பிரித்து, ஒரு பக்கம் 'மின்னஞ்சல்', மறுபக்கம் 'காபிக் கடை' என்று தலைப்பு போடுகிறேன். இரண்டும் வேண்டும்; இடம்தான் வேறு.

பிறகு அதே இரண்டு நிமிடக் கதையை மாற்றிய சொற்களோடு திரும்பச் சொல்ல வைக்க வேண்டும். புதுக் கதை வேண்டாம். கதை தெரிந்ததாக இருந்தால்தான் கவனம் முழுக்கச் சொல்லின் மேல் நிற்கும்.

வாரத்துக்குப் பத்துச் சொல். இருபது கொடுத்துப் பார்த்திருக்கிறேன். படிக்கிறார்கள், பேச்சில் வருவதில்லை.

4. சுருங்கிய வடிவங்கள்: அவர்களிடமே இருப்பதைக் காட்டுங்கள்

கானா (கோயிங் டு), வானா (வான்ட் டு), காட்டா (காட் டு), கைண்டா (கைண்ட் ஆஃப்). இவை 'கெட்ட ஆங்கிலம்' என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அந்தத் தயக்கத்தை முதலில் எடுக்க வேண்டும். ஏனென்றால் பயன்படுத்தாவிட்டாலும், கேட்டால் புரியாமல் போவது இவைதான்.

எளிய வழி, அவர்கள் பேச்சையே எடுத்துக் காட்டுவது. பிரேசில்காரர் 'இஸ்தோ' என்பதைத் 'தோ' என்றும், 'பாரா' என்பதைப் 'ப்ரா' என்றும், 'வோஸே' என்பதை 'ஸே' என்றும் நாள் முழுக்கச் சுருக்கித்தான் பேசுகிறார். "உங்கள் ஊர் டாக்டர் 'ப்ரா' என்று சொல்வாரா?" என்று கேளுங்கள். சொல்வார். அவர் படிக்காதவரா? இல்லை. அவ்வளவுதான், தயக்கம் தீர்ந்தது.

'கானா' இன்னும் சுலபம். போர்ச்சுகீசியத்தில் 'போ' என்ற வினையோடு மற்றொரு வினையைச் சேர்த்துத்தான் எதிர்காலத்தைச் சொல்கிறார்கள்: 'வோ ஃபஸேர்', செய்யப் போகிறேன். தமிழிலும் அதே கட்டுமானம். மூன்று மொழிகளும் ஒன்றாக நிற்கும் இந்த இடத்தைப் பலகையில் எழுதிக் காட்டினால் வேறு விளக்கமே வேண்டாம்.

போர்ச்சுகல் மாணவர்களுக்கு இந்தப் படி சீக்கிரம் முடியும். அவர்கள் தங்கள் மொழியிலேயே உயிரொலிகளை விழுங்கிப் பேசுபவர்கள். வெளிநாட்டுப் படங்களும் அங்கே பெரும்பாலும் குரல் மாற்றாமல் வசன வரிகளோடு வருவதால் காது ஏற்கெனவே பழகியிருக்கும்.

5. 'கெட்': ஒரே சொல்லுக்கு ஒரு மாதம்

போர்ச்சுகீசியத்தில் ஆறேழு வினைகள் செய்யும் வேலையைப் பேச்சு ஆங்கிலத்தில் 'கெட்' ஒன்றே செய்கிறது. இதை அவர்கள் தவிர்ப்பதற்குக் காரணமும் அதுதான். எல்லாவற்றுக்கும் ஒரே சொல் என்பதை மனம் நம்ப மறுக்கிறது.

வேலை கிடைப்பது 'கொன்செகிர்', பேருந்து பிடிப்பது 'பெகார்', வீட்டுக்கு வந்து சேர்வது 'ஷெகார்', பரிசு பெறுவது 'கஞ்ஞார்', நகைச்சுவை புரிவது 'என்தென்தேர்'. அத்தனைக்கும் கெட் எ ஜாப், கெட் த பஸ், கெட் ஹோம், கெட் எ கிஃப்ட், கெட் த ஜோக்.

இவற்றில் மிகவும் வழுக்கும் வினை 'ஃபிகார்'. தங்குவது என்றும் பொருள், ஒரு நிலைக்கு ஆளாவது என்றும் பொருள். அதனால் "பதற்றமாகிவிட்டேன்" என்பதற்கு "ஐ ஸ்டேட் நெர்வஸ்" என்று வந்து விழும். கேட்பவர் நாள் முழுக்கப் பதற்றத்திலேயே இருந்தாராக்கும் என்று நினைத்துக்கொள்வார். இந்த ஒரு பிழைக்காகவே ஒரு வகுப்பு ஒதுக்குங்கள்: காட் நெர்வஸ், காட் டயர்டு, காட் லாஸ்ட், காட் மேரீட், காட் சிக்.

ஒரு வாரம் ஒரு பொருள் என்று எடுங்கள். முதல் வாரம் வந்து சேர்வது, இரண்டாம் வாரம் பெறுவது, மூன்றாம் வாரம் நிலை மாறுவது, நான்காம் வாரம் புரிவது. மொத்தமாகக் கொட்டினால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

உச்சரிப்பையும் இங்கேயே சரி செய்ய வேண்டும். சொல் மெய்யெழுத்தில் முடிந்தால் பிரேசில் வாயில் ஓர் 'இ' கூடும். ஃபேஸ்புக் அங்கே 'ஃபேஸ்புக்கி'. 'இ'க்கு முன் வரும் 'ட' ஒலி 'ச்ச' ஆகிவிடுவதால் 'கெட்' சிலர் வாயில் 'கெச்சி'. நாம் 'பஸ்ஸு', 'புக்கு' என்று 'உ' சேர்ப்பதும் இதே பழக்கம்தான். நமக்கு உகரம், அவர்களுக்கு இகரம். அடுத்த சொல்லோடு சேர்த்துச் சொல்லப் பழக்கினால் தீரும்: 'கெட் ஆஃப்' என்று இரண்டாக வேண்டாம், 'கெடாஃப்' என்று ஒரே மூச்சில். இடைவெளி இல்லாதபோது 'இ' நுழைய இடமில்லை.

6. ஃபிரேசல் வெர்ப்: வினைப்படி அடுக்காதீர்கள், இடப்படி அடுக்குங்கள்

வினையோடு 'அப்', 'ஆஃப்' போன்ற சிறு சொல் சேர்ந்து புதுப் பொருள் தருவதுதான் ஃபிரேசல் வெர்ப். பாடப் புத்தகங்களில் கெட் அப், கெட் இன், கெட் ஓவர், கெட் பை என்று ஒரே வினையின் கீழ் அடுக்கியிருக்கும். மாணவர் நான்கையும் சேர்த்துக் குழப்பிக்கொள்வார். முகம் ஒன்றாக இருக்கும் நால்வரை ஒரே நாளில் அறிமுகப்படுத்துவது போல அது.

ஒரு சூழலை எடுங்கள். காலையில் கிளம்புவது என்றால் வேக் அப், டிராப் ஆஃப், பிக் அப், ஷோ அப். ஒரு கதையாக வரும். ஒன்றை மறந்தால் முன்னும் பின்னும் உள்ளது இழுத்து வரும்.

'அப்', 'ஆஃப்' போன்ற ஒட்டுச் சொற்கள் என்ன செய்கின்றன என்று நமக்கு விளங்குவது எளிது. 'சாப்பிடு' என்பதற்கும் 'சாப்பிட்டுவிடு' என்பதற்கும் உள்ள வேறுபாடுதான் பல இடங்களில் 'ஈட்' என்பதற்கும் 'ஈட் அப்' என்பதற்கும் உள்ளது. முடித்துத் தீர்ப்பது. யூஸ் அப், கிளீன் அப், ஃபினிஷ் அப் மூன்றும் அதே வகை. போர்ச்சுகீசியத்தில் நம்மைப் போல் துணைவினை அடுக்கு இல்லை. ஆனால் பேச்சில் "மேலே ஏறு", "வெளியே வெளியேறு" என்று திசையைச் சேர்த்துச் சொல்லும் வழக்கம் உண்டு. அங்கிருந்து தொடங்கலாம்.

ஒரு பிழையை மட்டும் விடாமல் திருத்துங்கள்: "பிக் அப் மீ". 'மீ', 'ஹிம்', 'இட்' எல்லாம் நடுவில்தான் உட்காரும்: "பிக் மீ அப்".

7. ஏமாற்றும் சொற்கள்

உறவுக்காரச் சொல் என்று நம்பி ஏமாறும் இடங்கள். பேச்சுவழக்கில் அடிக்கடி வருபவை மட்டும் போதும்.

'லெகாவ்' என்று ஒலித்தாலும் ஆங்கில 'லீகல்' போலவே எழுதப்படும் சொல் பிரேசிலில் 'அருமை' என்ற பொருளில் வாய்க்கு வாய் வரும். ஆங்கிலத்தில் "யுவர் பார்ட்டி வாஸ் லீகல்" என்றால் விருந்து சட்டப்படி நடந்தது என்று ஆகும். 'கூல்' அல்லது 'நைஸ்' என்று மாற்றுங்கள். 'ப்ரெதென்தேர்' ஒன்றைச் செய்ய நினைப்பது, 'ப்ரிடெண்ட்' நடிப்பது. 'பரென்ச்சிஸ்' சொந்தக்காரர்கள், 'பேரண்ட்ஸ்' அப்பா அம்மா. போர்ச்சுகலில் சளி பிடித்தவர் தன்னைக் 'கொன்ஷ்திபாது' என்பார். அதை ஆங்கிலமாக்கி "ஐம் கான்ஸ்டிபேட்டட்" என்று அலுவலகத்தில் சொன்னால் மலச்சிக்கல் என்று பொருள். "ஐ ஹேவ் எ கோல்ட்" என்று முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுங்கள், பாவம்.

'பூஷி' என்று கதவில் எழுதியிருந்தால் இழு என்று பொருள். காதுக்கு 'புஷ்' போலவே இருக்கும். சொல்லிச் சொல்லித் தீராத ஒன்று இது. கதவைத் தொட்டு நாலு முறை தவறினால்தான் பழகும்.

இவற்றைவிட ஆபத்தானவை, ஆங்கிலம் போலத் தோன்றும் பிரேசில் சொற்கள். நோட்புக் என்றால் அங்கே மடிக்கணினி. ஷாப்பிங் என்றால் மால். அவுட்டோர் என்றால் விளம்பரப் பலகை. ஸ்மோக்கிங் என்றால் விருந்துக்குப் போடும் டக்ஸீடோ கோட்டு. ஹோம் ஆஃபீஸ் என்றால் வீட்டிலிருந்து வேலை. ப்ரிண்ட் என்றால் ஸ்க்ரீன்ஷாட். ஆங்கிலம் என்று நினைத்தே சொல்வதால் மாணவர் இவற்றைச் சரிபார்ப்பதே இல்லை; நீங்கள்தான் காது கொடுத்துப் பிடிக்க வேண்டும்.

8. முழுத் தொடராகக் கொடுக்க வேண்டியவை

சொல் சொல்லாகப் பிரித்தால் பொருள் வராதவை உண்டு. காபி வேண்டுமா என்றால் "ஐம் குட்" என்று பதில் வரும். 'நான் நல்லவன்' என்று நினைத்துக் காபியை ஊற்றிவிடுவார்கள். அது "வேண்டாம், போதும்" என்பது. சவுண்ட்ஸ் குட், நோ வொரீஸ், ஹவ் கம் ஆகியவையும் அப்படியே. பிரித்து விளக்காமல், எந்த இடத்தில் வரும் என்பதோடு கொடுங்கள்.

கடையில் கேட்கும் விதம் முக்கியம். போர்ச்சுகீசியத்தில் "ஒரு காபி கொடுங்க" என்று ஏவலாகக் கேட்பது இயல்பு. குரலிலேயே பணிவு இருக்கும். நம் ஊர் டீக்கடையிலும் அப்படித்தான். ஆங்கிலத்தில் "கிவ் மீ எ காபி" அதட்டலாகக் கேட்கும். "கேன் ஐ கெட் எ காபி?" என்று பழக்குங்கள்.

இட்டு நிரப்பும் சொற்களுக்கு நேர் இணை இருக்கிறது. பிரேசில்காரர் வாக்கியத்துக்கு வாக்கியம் சொல்லும் 'சீப்பு' (நம் தலைவாரும் சீப்பு மாதிரியேதான் ஒலிக்கும்) ஆங்கிலத்தின் 'லைக்'. வாக்கியக் கடைசியில் வரும் 'நே', நம் 'தானே', ஆங்கிலத்தில் 'ரைட்?'. இது தெரியாமல் "நோ?" என்று முடிப்பார்கள்.

9. எழுத்தில் அரட்டை

இது சின்னப் பகுதி. ஆனால் விட்டால் மானம் போகும்.

பிரேசிலில் சிரிப்புக்கு ஆங்கில 'கே' எழுத்தை வரிசையாகத் தட்டுவார்கள். மூன்று 'கே' சேர்ந்து நின்றால் அமெரிக்கருக்கு கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெறியர் கூட்டத்தின் பெயர். கறுப்பினச் சக ஊழியர் இருக்கும் குழுவில் அது போய் விழுந்தால் என்ன ஆகும் என்று விளக்கிச் சொல்லுங்கள். 'ஹாஹா' போதும்.

கடிதம் முடிவில் 'அப்ராஸுஸ்' என்று போடுவது அங்கே சாதாரணம். அதை 'ஹக்ஸ்' என்று மாற்றி வாடிக்கையாளருக்கு அனுப்பினால் அளவுக்கு மீறிய நெருக்கம். 'சியர்ஸ்' அல்லது 'டாக் சூன்' என்று மாற்றச் சொல்லுங்கள்.

10. மறுபடி பதிவு, பிறகுதான் ஸ்லாங்

எட்டாவது வாரம், முதல் பதிவில் சொன்ன அதே மாதிரியான ஒரு நாளைப் பற்றி மறுபடி பேசச் சொல்லுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் கேட்க வையுங்கள். நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். எது இன்னும் விறைப்பாக இருக்கிறது என்று அவரே கோடிடட்டும்.

ஸ்லாங்கை, அதாவது கொச்சைச் சொற்களை, இவ்வளவு தள்ளி வைத்ததற்கு மாணவர்கள் கோபிப்பார்கள். முதல் நாளே அதைத்தான் கேட்பார்கள். ஆனால் ஸ்லாங் சீக்கிரம் பழசாகும், ஊருக்கு ஊர் மாறும், வயதுக்கு வயது மாறும். 'பிஸ்டு' என்றால் அமெரிக்காவில் கோபம், இங்கிலாந்தில் போதை. கெட்ட வார்த்தைகளைப் புரிந்துகொள்ள மட்டும் சொல்லிக் கொடுங்கள். பேசச் சொல்லிக் கொடுக்காதீர்கள். அவர்கள் மொழியில் குறில் நெடில் மாறினால் பொருள் மாறாது. அதனால் 'பீச்', 'ஷீட்' என்ற சாதாரணச் சொற்களே குறுகி வசவாகிவிடும் அபாயம் இருக்கிறது. இவ்விரண்டையும் நீட்டிச் சொல்லும் பயிற்சி கொடுங்கள்.

மாணவர் எந்த ஊருக்குப் போகிறார் என்று கேட்டு, அந்த ஊரின் ஸ்லாங்கை மட்டும் எடுங்கள். பிரேசில்காரர்கள் நிறையப் பேர் ஆங்கிலம் படிக்க அயர்லாந்து போகிறார்கள். அங்கே "வாட்ஸ் த கிராக்?" என்றால் என்ன சேதி என்று பொருள். இன்னொன்று 'கிராண்ட்'. போர்ச்சுகீசியத்தில் 'கிராந்தி' என்றால் பெரியது. மற்ற ஊர் ஆங்கிலத்தில் பிரமாதம். டப்ளினில் அது "சரி, பரவாயில்லை" என்ற அளவுதான். வீட்டு உரிமையாளர் "தட்ஸ் கிராண்ட்" என்றால் புகழ்ந்துவிட்டார் என்று மகிழ வேண்டாம். வாடகை வந்து சேர்ந்துவிட்டது என்கிறார், அவ்வளவே.